ஊர்த் தெய்வம் பொறித்த உரோமக் காசுகள்

பழங்காசு சேர்த்தல் கற்றோர்க்குரிய இனிய பொழுதுபோக்குகளுள் ஒன்றென நெடுங்காலமாக மதிக்கப்பட்டு வருகின்றது. நம் மாணவருள்ளும் அஞ்சல்தலை சேர்ப்போரும் காசு சேர்ப்போரும் உளர். பழங்காசொன்றைக் கையிலெடுத்தவுடன் அவருட் பெரும்பாலார் கேட்கும் முதல் வினா, "இதன் விலை என்ன?" என்பது; அடுத்த வினா, "இஃது எந்த அரசன் காசு?" என்பது. "இஃது எந்த ஊர்க் காசு?" என்று கேட்போர் மிகச் சிலர். அம்மூன்றாம் வினாவே முதல் வினாவாதல் வேண்டும் என்பது எம் கருத்து. அதனை விளக்குதற்குப் பொன்னும் வெள்ளியும் அல்லாத, பார்வைக்கு எளியவாகத் தோன்றும் ஒருவகைக் காசுகளை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அவை உரோமப் பேரரசின் மாகாணத்து ஊர்கள் தத்தம் தெய்வங்களைப் பொறித்து வெளியிட்ட செம்பு, வெண்கலக் காசுகளாம்.

உரோமர் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளையெல்லாம் வென்று ஆண்ட காலத்தில், பொன் நாணயம் அடிக்கும் உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. வெள்ளியையும் பெரும்பாலும் தானே மேற்பார்த்தது. ஆனால் அன்றாடக் கடைவீதிக்கு வேண்டிய சில்லறையை அந்தந்த ஊராரே அடித்துக்கொள்ள இடந்தந்தது. அகுஸ்து இராயன் காலமுதல் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இவ்வாறு காசு வெளியிட்ட ஊர்கள் 500-க்கும் மேற்பட்டனவாம். மேற்றிசை மாகாணங்களில் இவ்வழக்கம் கிலவுதியு இராயன் காலத்தோடு ஓய்ந்தது; கிரேக்க மொழி வழங்கிய கீழ்த்திசை நாடுகளிலோ இருநூறாண்டுகளுக்கு மேலும் நீடித்தது. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்து அக்கசாலை டயோக்ளீஷியன் ஆட்சி (கி.பி. 284-305) வரை தன் வழக்கப்படியே காசு அடித்துவந்தது.

இக்காசுகளின் ஒருபுறத்தே பெரும்பாலும் சக்கரவர்த்தியின் தலை இருக்கும். அஃது எல்லா ஊர்க்கும் பொது. மறுபுறத்திலோ ஊராரின் பெயரும், அவ்வூரார் தமக்கே உரியதெனப் பெருமை பாராட்டிய தெய்வமோ, கோயிலோ, மலையோ, ஆறோ, பழங்கதையோ இடம்பெறும். முன்புறம் 'யாருக்கு அடங்கியிருக்கின்றோம்' என்று கூறும். பின்புறம் 'நாம் யார்' என்று கூறும். சரித்திர நூல்களிற் பெரும்பாலும் முன்புறத்தின் கதையையே படித்திருக்கின்றோம். பின்புறத்தின் கதையை எழுதிவைத்தோர் சிலரே. அதனை உரைக்கும் வாய் பல ஊர்களுக்கு இச்சிறு காசுகளேயன்றி வேறில்லை.

இதனை யாம் கற்றது ஒரு பிழை செய்தே. இரண்டாம் உலகப்போரிற் சிரியா நாட்டில் பணியாற்றி மீண்ட எம் பாட்டனாரின் தகரப்பெட்டியில் களிம்பேறிய பழங்காசு ஒன்று கிடந்தது. மாணவப் பருவத்தில் அதனைக் கண்டெடுத்த யாம், வீட்டிற் செப்புக்குடம் துலக்குவது போலப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பெருமிதத்தோடு எம் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினோம். அவர் அதனை நெடுநேரம் வெளிச்சத்திற் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பின்னர், "தூண்களுக்கிடையே ஏதோ ஓர் உருவம் இருந்திருக்கிறது, சுற்றிலும் ஊர்ப்பெயர் இருந்திருக்கிறது, இரண்டையும் நீ கழுவிவிட்டாய், தம்பி" என்றார். நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அழியாத எழுத்து எம் கையால் ஒரு நாழிகையில் அழிந்தது. களிம்பென்று யாம் எண்ணியதன் மேற்பரப்பிலேதான் எழுத்து உயிர்பெற்றிருந்தது என்பதை அப்போது அறிந்திலோம். பாட்டனார் அதனை எந்த ஊரிற் பெற்றாரென்று கேட்டறியவும் அவர் உயிரோடில்லை. அக்காசு இன்றும் எம்மிடம் இருக்கின்றது. ஆயின் அதற்கு ஊரும் இல்லை, தெய்வமும் இல்லை.

ஊர்ப்பெயரோடு கூடிய காசு எத்துணைப் பெரிய சான்றாகும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் கூறுவோம்.

எபேசு நகரின் ஆர்த்தமிஸ் தேவி நம் வேதாகம மொழிபெயர்ப்பில் தியானாள் எனப்படுகின்றாள். கிரேக்கர் பிற இடங்களிற் போற்றிய ஆர்த்தமிஸ் வில்லேந்தி வேட்டையாடும் கன்னி. எபேசுக் காசுகளிற் காணப்படுபவளோ வேறு கோலத்தினள்: அசையாது நேர்நிற்கும் உருவம், தலையில் உயர்ந்த முடி, மார்பில் வரிசை வரிசையாகத் தொங்கும் உருண்டைகள், இரு கைகளினின்றும் நிலந்தோயத் தொங்கும் கம்பளி வடங்கள், இருமருங்கும் மான்கள். பெயர் கிரேக்கப் பெயராயினும் வடிவு அம்மண்ணுக்கே உரியது. அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில், தட்டார்கள் எழுப்பிய கலகத்தை அடக்கிய பட்டணத்துச் சம்பிரதி, அந்நகரத்தைத் தேவியின் கோயிற் காப்பாளராகக் கூறுகின்றார். அதற்குக் கிரேக்க மூலத்தில் வரும் சொல் 'நெயோகொரோஸ்' என்பது. அந்நிகழ்ச்சிக்குப் பின் பல்லாண்டு கழியுமுன்னரே, நீரோ மன்னன் (கி.பி. 54-68) காலத்தில் எபேசியர் அடித்த காசிலும் அச்சொல்லே ஊரின் பட்டமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றது. வேதாகமத்திற் கேட்ட சொல்லைச் செம்பிற் காணும்போது, அக்கூட்டத்தின் ஆரவாரம் நம் செவியிற் படுவதுபோலத் தோன்றுகின்றதன்றோ!

தெய்வத்திற்கு மனிதவடிவு வேண்டும் என்று எல்லா ஊராரும் எண்ணினாரல்லர். சீப்புருத் தீவிற் பழைய பாப்போ நகரத்து அப்ரோதித்தே தேவி, அடி பருத்து நுனி சிறுத்த ஒரு கல்லாகவே வழிபடப்பெற்றாள். தாசித்து என்னும் உரோமச் சரித்திராசிரியர் அவ்வடிவை வருணித்து, அதன் காரணம் விளங்கவில்லை என்கின்றார். சீப்புருவின் காசுகளோ அக்கல்லை மூன்று பகுதியான கோயிலின் நடுவில் நிறுத்தி நம் கண்முன் காட்டுகின்றன. கப்பதோக்கியாவின் செசரியா நகரத்தார் இன்னும் ஒருபடி மேற்சென்று, தம் ஊருக்குத் தெற்கே 3,900 மீட்டருக்கு மேல் உயர்ந்து பனிமூடி நிற்கும் அர்கேயு மலையையே தெய்வமெனக் கொண்டு, அம்மலையைப் பலிபீடத்தின்மேல் வைத்துக் காசிற் பொறித்தனர்.

சிரியாவின் எமேசா நகரத்துக் கருங்கல்லின் வரலாறு இன்னும் வியப்புடைத்து. இன்று ஹோம்ஸ் என வழங்கும் அவ்வூரில், வானத்தினின்று விழுந்ததெனக் கருதப்பட்ட கூம்பு வடிவக் கருங்கல்லொன்று எலகபால் என்னும் பெயரால் வணங்கப்பெற்றது. கி.பி. 218-இல் அத்தெய்வத்தின் இளம்பூசாரியே உரோமச் சக்கரவர்த்தியாகித் தன் ஊர்க்கல்லைத் தலைநகர்க்குக் கொண்டுசென்று பிற தெய்வங்களுக்கெல்லாம் மேலாக வைத்தான். 222-இல் அவன் கொல்லப்பட்டான். அவன் தெய்வமும் உரோமிலிருந்து துரத்தப்பட்டது. அதன்பின் அக்கல் என்னாயிற்று? முப்பதாண்டுகள் கழித்து, 253-254-இல், எமேசாவில் ஊரானியு அந்தோனினு என்பான் அரசுரிமை கொண்டாடியபோது அடித்த காசுகளில் அக்கல் மீண்டும் தோன்றுகின்றது. தலைநகரிற் சக்கரவர்த்தியும் மாண்டான், அவன் சமயச் சீர்திருத்தமும் மாண்டது. ஊரார் தம் தெய்வத்தை விட்டாரில்லை என்பதற்கு அக்காசு சாட்சி.

எழுத்தாளன் கூற்றைக் காசு மெய்ப்பித்த வரலாறும் உண்டு. கருங்கடற் கரையிலுள்ள அபோனுதைக்கோஸ் என்னும் சிற்றூரில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், அலெக்சாந்தர் என்பான் ஒருவன் மனிதத்தலை கொண்ட பாம்பொன்றைக் காட்டி, அதற்குக் கிளைக்கோன் எனப் பெயரிட்டுக் குறிசொல்லிப் பெரும்பொருள் திரட்டினான் என்று லூக்கியான் என்னும் நூலாசிரியர் கடுமையாக எள்ளி எழுதினார். அவன் தன் ஊரின் பெயரை 'இயோனோபோலிஸ்' என மாற்றவும், அப்பாம்பைப் பொறித்துக் காசடிக்கவும் சக்கரவர்த்தியிடம் விண்ணப்பித்தான் என்றும் அவர் கூறுகின்றார். நகையாடும் நூலாதலின் எல்லாம் கற்பனை என்று தள்ளிவிட இடமுண்டு. ஆனால் அவ்வூர்க் காசுகள் உள்ளன, பாம்பு உள்ளது, கிளைக்கோன் என்ற பெயரும் உள்ளது, லூக்கியு வெரு காலத்துக் காசில் ஊரின் புதுப்பெயரும் உள்ளது. 1962-இல் உருமேனியாவின் கொன்ஸ்தான்சா நகரத்தில் மண்ணுக்கடியிற் கிடைத்த சிலைகளுள் அப்பாம்பின் பளிங்குச்சிலையும் ஒன்றாயிருந்தது. அச்சிற்றூர் இன்றும் துருக்கியில் இனெபோலு என்னும் பெயரோடு விளங்குகின்றது. பொய்க்குறிகாரன் என்று ஏசப்பட்டவன் ஊருக்கிட்ட பெயர் பதினெட்டு நூற்றாண்டுகளாக நிலைத்துவிட்டது!

பிரிகியா நாட்டு அப்பாமியா நகரத்துக் காசொன்றையும் கூறாது விடுதற்கில்லை. அவ்வூர்க்குப் 'பேழை' என்னும் பொருள்படும் ஓர் அடைமொழி உண்டு. செப்திமியு செவேரு (கி.பி. 193-211) காலமுதல் அவ்வூரார் அடித்த சில காசுகளில், நீரில் மிதக்கும் பேழையுள் ஆணும் பெண்ணுமாக இருவர் தோன்றுகின்றனர், அவ்விருவரே கரையேறிக் கையுயர்த்தி நிற்கின்றனர், மேலே கிளையேந்திய பறவையொன்று வருகின்றது, பேழையின்மீது 'நோவா' என்னும் பெயர் கிரேக்க எழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. கிரேக்க தெய்வங்களை வணங்கிய ஊரொன்று, தன் நடுவே வாழ்ந்த யூதரின் பழங்கதையைத் தன் கதையாக ஏற்றுக்கொண்டு கடைவீதிக் காசிற் பொறித்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறுண்டோ?

எனினும், காசு கூறுவதையெல்லாம் அப்படியே நம்பிவிடலாகாது. எபேசுத் தேவியின் கோயில் ஒரு காசில் நான்கு தூண்களோடும் மற்றொன்றில் எட்டுத் தூண்களோடும் காணப்படுகின்றது. கோயில் மாறவில்லை, விரலகல இடத்திற் சிலையைக் காட்டவேண்டி அச்சுவெட்டியவன் தூண்களைக் குறைத்தான். மேலும், எந்தத் தெய்வத்தைப் பொறிப்பது என்று முடிவுசெய்தோர் ஊர்மன்றத்துப் பெரியோரும் செல்வருமே. உழவனும் அடிமையும் தம் குடிலில் வணங்கிய தெய்வம் காசேறியிராது. பாப்போவின் கல்லையும் எமேசாவின் கல்லையும் கண்டவுடன் நம் நாட்டுச் சிவலிங்கத்தை நினைத்து, இரண்டிற்கும் உறவு கற்பித்து முழங்குவாரும் உளர். வடிவொற்றுமை ஒன்றே கொண்டு உறவு நாட்டுதல் ஆராய்ச்சியன்று. அவ்வக் கல்லை அவ்வவ்வூர் வழிபாட்டிலும் மொழியிலும் வைத்து ஆராய்தலே முறை. ஊரை முதலிற் கேட்க வேண்டும் என்று யாம் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, சேர்ப்போர் கடமைக்கு வருவோம். 'காசு சேர்ப்போர் இல்லையாயின் இவையெல்லாம் உருக்குச்சட்டிக்குப் போயிருக்கும். அவர்களே அறிவைக் காத்தவர்கள்' என்று கூறுவதுண்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. சுவிட்சர்லாந்தின் விண்டர்த்தூர் நகரத்தவரான பிரீதரிக் இம்ஹோப்-புளூமர் (1838-1920) தாம் சேர்த்த ஆயிரக்கணக்கான காசுகளை ஆராய்ந்தார். பெர்சி கார்டினர் என்பாரோடு சேர்ந்து, பௌசானியா என்னும் பழைய யாத்திரிகர் கண்டெழுதிய சிலைகளையும் கோயில்களையும் ஊர்க்காசுகளைக் கொண்டு அடையாளங்காட்டி நூலியற்றினார். பின்னர் 1900-இல் தம் பெருந்தொகுதியைப் பெர்லின் காட்சிச்சாலைக்கு விற்றார். ஒலிம்பியாவிற் பிதியாஸ் செய்த சேயு தெய்வத்தின் சிலை அழிந்துபோயிற்று. அஃது எவ்வாறு வீற்றிருந்தது என்பதை அட்ரியன் காலத்து எலிஸ் நாட்டுக் காசுகள் சிலவே தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றைப் போற்றி வைத்தோர்க்கு உலகம் கடப்பாடுடையது.

ஆனால் இம்ஹோப்-புளூமர் போல்வார் ஒருவர். தேடிப் பணங்கொடுப்போர் பலர். கேட்போர் பலராகும்போது தோண்டுவோரும் பலராவர். சிரியாவில் ஒரோண்டிஸ் ஆற்றங்கரையில் மற்றோர் அப்பாமியா உண்டு. மேற்கூறிய பேழையூரின் வேறானது. அந்நாட்டில் 2011-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபின், அப்பழம்பதியின் நிலப்பரப்பு ஆயிரக்கணக்கான குழிகளால் துளைக்கப்பட்டதை வானத்தினின்று எடுத்த படங்கள் காட்டின. அக்குழிகளிலிருந்து கள்வர் எடுத்தவை எந்தச் சுவரருகே, எந்தத் தளத்தின்கீழ், எந்த மட்கலத்தோடு கிடந்தன என்பதை இனி யாரும் கூற இயலாது. ஊர்ச்செப்பு பெரும்பாலும் ஊரைவிட்டு நெடுந்தொலை செல்வதில்லை. ஆதலின் அது கிடைத்த இடமே அதன் சரித்திரத்திற் பாதி. பேழையூர்க் காசொன்று வேற்றூர் மண்ணிற் கிடைப்பின், யாரோ ஒருவர் அவ்வழியே நடந்த செய்தி அது. இடத்தைக் களைந்துவிட்டுக் காசை மட்டும் விற்பவன், கடிதத்தைக் கிழித்தெறிந்து உறையை விற்பவனுக்கு நிகராவான். வாங்குபவனும் அவனுக்குத் துணைவனே. யாம் புளியால் அழித்தது ஒரு காசின் எழுத்தை. இவர் பணத்தால் அழிப்பது ஊர்களின் சரித்திரத்தை.

நம் நாட்டனுபவமும் இதனையே வற்புறுத்துகின்றது. தமிழகத்திற் கிடைத்த உரோமக் காசுகளுட் பெயர்பெற்ற பொன்னும் வெள்ளியும் பேரரசின் பொது அக்கசாலைகளினின்று வந்தவை; ஊர்த் தெய்வங்களின் செப்புக்காசுகள் அவற்றோடு எண்ணத்தக்க அளவில் வந்தனவல்ல. மிளகு வாங்க வந்த வணிகர்க்கு எங்கும் செல்லும் பொன்னும் வெள்ளியும் பயன்பட்டன. தம் ஊர்க் கடைவீதியிலன்றிச் செல்லாத சில்லறை பயன்படவில்லை. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையிற் கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் ஒருசேரக் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் அரசனின் தலை உளியால் வெட்டப்பட்டிருந்தமை, அவை மீண்டும் நாணயமாகச் செல்லாவாறு செய்யப்பட்டன என்று அறிஞர் கருதுதற்கு இடமாயிற்று. அவை ஒருங்கு கிடைத்தன என்பதும், எங்குக் கிடைத்தன என்பதும் பதிவானமையாலன்றோ இவ்வாராய்ச்சி இயன்றது? 501 காசும் 501 பேர் கையிற் சிதறியிருப்பின், வெட்டுப்பட்ட பொன்னென்று விலைகுறைத்து உருக்கியிருப்பர்.

ஆகவே நம் மாணவர்க்கு யாம் கூற விரும்புவன இவை. முதலாவது, கிடைத்த இடமும் கைம்மாறிய வழியும் அறியப்படாத பழங்காசை, எத்துணை அழகியதாயினும் எத்துணை மலிவாயினும், வாங்கற்க. இரண்டாவது, வீட்டிற் பழங்காசு இருப்பின் அதனைத் துலக்கற்க. அது வந்த வரலாற்றை வீட்டுப் பெரியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க. மூன்றாவது, நம் மண்ணிற் புதையல் கிடைப்பின் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனை மாவட்ட ஆட்சித் தலைவர்க்கு அறிவித்தல் கடமை என்பதையும், நூறாண்டு கடந்த நாணயத்தை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளாகவே கொள்கின்றது என்பதையும் மறவற்க.

'வாங்கலாகாது என்றால் சேர்ப்பது எவ்வாறு?' என்று கேட்பீர்கள். உலோகத்தைச் சேராமலே காசுகளைச் சேர்க்கலாம். இம்ஹோப்-புளூமரும் தம் காசுகளோடு அமையாது, பிறர் காசுகளின் சாந்துப் படிகளையும் திரட்டி ஆராய்ந்தார். உரோம மாகாணக் காசுகளைத் தொகுத்து அறிஞர் வெளியிடத் தொடங்கிய பெரும்பட்டியலின் முதற்பகுதி 1992-இல் வெளிவந்தது. இன்று ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக அப்பட்டியலைப் படங்களோடு கணினியில் யாவரும் விலையின்றிக் காணலாம். ஒரு குறிப்பேடும் ஓர் ஊரும் போதும். எபேசையோ எமேசாவையோ காசாவையோ தேர்ந்துகொள்க. அவ்வூரார் எந்த அரசன் காலத்தில் எந்தத் தெய்வத்தை எவ்வடிவிற் பொறித்தனர், எழுத்தென்ன, எடையென்ன, எப்போது வடிவு மாறிற்று என்று வரிசைப்படுத்துக. காசாவின் மார்னா தெய்வத்தை அட்ரியன் காலத்துக் காசு பெயரோடு காட்டுகின்றது. அத்தெய்வத்தின் கோயில் கி.பி. 402-இல் இடிக்கப்பட்டது. இடிந்த கோயிலின் தெய்வத்தை உங்கள் குறிப்பேட்டிற் காக்கலாம். அவ்வாறு பத்து ஊர்களை அறிந்தவன், பத்தாயிரம் காசுகளைப் பேழையிற் பூட்டிவைத்தவனினும் செல்வமுடையவன் என்போம்.

நம் கல்லூரியில் இத்தகைய மாணவர் கழகமொன்று தோன்றுமாயின், அதற்கு முதற் பொருளாக எம் காசையே தருவோம். ஊர் அறியாத, தெய்வம் அறியாத, புளியாற் பளபளக்கும் அக்காசு, சேர்ப்போர் செய்யலாகாதது இன்னதென்று காட்டுதற்கேனும் பயன்படுக.